ஆய்வுத் தரவுக்கு யார் உத்தரவாதம்? ஒரு சிறிய ஆய்வகம் போட வேண்டிய கணக்கு

ஒரு சிறிய ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பேராசிரியர், நான்கைந்து மாணவர்கள், ஒரு சர்வர், கல்லூரியின் 100 எம்பிபிஎஸ் இணைய இணைப்பு. ஏற்கெனவே வெளியான ஆய்வுகளின் மரபணு வரிசைத் தரவை எடுத்து, அதில் இதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்கப் போகிறார்கள். சொந்தமாக மாதிரி சேகரித்து வரிசைப்படுத்த நிதி இல்லை. தரவோ அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் உள்ள பொதுக் காப்பகங்களில் இலவசமாகக் கிடக்கிறது. எங்கிருந்து எடுப்பது, எப்படி எடுப்பது?

இது யோசித்து எடுக்க வேண்டிய முடிவு என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. தேடியதும் முதலில் கண்ணில் பட்ட கட்டளையைக் காப்பி எடுத்து ஓட விட்டுவிடுகிறார்கள். நிதி விண்ணப்பத்தில் கணினிக்கும் வேதிப்பொருளுக்கும் வரி வரியாகக் கணக்கு இருக்கும். தரவு எத்தனை நாளில் வந்து சேரும், வராவிட்டால் என்ன செய்வோம் என்று ஒரு வரிகூட இருக்காது.

வணிக ஒப்பந்தங்களில் சேவைத்தர உத்தரவாதம் என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு எண்தான்: மாதத்தில் எத்தனை சதவீத நேரம் சர்வர் விழித்திருக்கும் என்பது. ஆய்வகத்துக்கு அது போதாது. ஒரு நொடிக்கு எத்தனை முறை கேட்கலாம், என்ன வேகத்தில் வரும், வந்த கோப்பு முழுசாக இருக்கிறதா, ஐந்து வருடம் கழித்து அதே கோப்பு அதே இடத்தில் இருக்குமா, அனுமதி தேவைப்படும் தரவு என்றால் அந்த அனுமதி எப்போது கிடைக்கும் என்று பல கேள்விகள் இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுத்தில் உத்தரவாதம் தரும் ஆள் உலகத்தில் யாரும் இல்லை. ஒவ்வொரு வழியும் சிலதைத் தருகிறது, சிலதை விட்டுவிடுகிறது.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும். காசநோய்க் கிருமியின் மரபணுத்தொகுதி 44 லட்சம் டிஎன்ஏ எழுத்துதான். ஒரு மாதிரியின் சுருக்கப்பட்ட கோப்பு சுமாராக 300 எம்பி வரும் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் மாதிரிக்கு 300 ஜிபி. 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் கிடைத்தால் ஏழு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மனித மரபணுத்தொகுதி கதை வேறு. 30 மடங்கு ஆழத்தில், அதாவது ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக 30 முறை, படித்த ஒரு ஆளின் தரவு 80 ஜிபி என்று வைத்தால் நூறு பேருக்கு 8 டிபி. அதே இணைப்பில், முழு வேகத்திலேயே, ஏழு நாளுக்கு மேல் ஆகும். கல்லூரி முழுக்கப் பகிர்ந்துகொள்ளும் இணைப்பில் மூன்றில் ஒரு பங்கு வேகம் கிடைத்தாலே பெரிது. அப்போது மூன்று வாரம்.

என்சிபிஐ: எல்லோரும் போகும் வாசல்

அமெரிக்க அரசின் உயிரியல் தகவல் மையமான என்சிபிஐ நடத்தும் எஸ்ஆர்ஏ என்ற மூல வரிசைத் தரவுக் காப்பகம்தான் பலருக்கு முதலில் தெரிவது. இங்கே சேவை பற்றி எழுத்தில் இருப்பவை எல்லாம் நமக்கான கட்டுப்பாடுகள். அவர்கள் தரும் வாக்குறுதி என்று எதுவும் இல்லை. தகவல் தேடும் ஏபிஐ, அதாவது நிரல்கள் நேரடியாகக் கேள்வி அனுப்பும் வாசல், வழியாக நொடிக்கு 3 கேள்வி கேட்கலாம். இலவசமாகப் பதிவு செய்து ஒரு சாவி வாங்கிக்கொண்டால் நொடிக்கு 10. அதற்கு மேல் போனால் பிழைச் செய்தி வரும். தொடர்ந்து மீறினால் அந்த ஐபி முகவரியையே முடக்கிவிடவும் கூடும்.

இதில் நம் ஊர்க் கல்லூரிகளுக்கு ஒரு வில்லங்கம் உண்டு. சாவி இல்லாதவர்களை என்சிபிஐ ஐபி முகவரியை வைத்துத்தான் எண்ணுகிறது. பல வளாகங்களில் நூற்றுக்கணக்கான கணினிகள் ஒரே ஒரு பொது முகவரிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். பக்கத்துத் துறையில் ஒரு மாணவர் எழுதிய ஸ்கிரிப்ட் கட்டுக்கடங்காமல் ஓடினால், உங்கள் தேடலும் சேர்ந்து நிற்கும். ஆகவே சாவி வாங்குவது வேகத்துக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். மற்றவர்களிடமிருந்து உங்கள் பங்கைப் பிரித்துக்கொள்வதற்கும் அதுதான் வழி. ஐந்து நிமிட வேலை, வாங்கிவிடுங்கள்.

பெரிய வேலைகளை வார இறுதியிலோ, வார நாட்களில் அமெரிக்கக் கிழக்கு நேரம் இரவு 9 முதல் காலை 5 வரையிலோ வைத்துக்கொள்ளுங்கள் என்று என்சிபிஐ கேட்டுக்கொள்கிறது. அங்குள்ளவர்களுக்கு இது தொல்லை. நமக்கு அது குளிர்காலத்தில் காலை 7.30 முதல் மாலை 3.30 வரை, கோடையில் அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக. அதாவது நாம் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் நேரமேதான். ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று மாலையில் கட்டளை கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள், அமெரிக்கர்கள் எல்லோரும் வேலைக்கு வரும் நேரத்தில்தான் வரிசையில் போய் நிற்கிறார்கள்.

ஒரு வரிசையை ஒத்த மற்ற வரிசைகளைக் கண்டுபிடிக்கும் பிளாஸ்ட் தேடலுக்கு விதி இன்னும் கடுமை. பத்து நொடிக்கு ஒரு கோரிக்கைக்கு மேல் அனுப்பக் கூடாது; ஒரு நாளில் நூறு தேடலைத் தாண்டினால் மெதுவான வரிசைக்குத் தள்ளப்படலாம். ஆயிரக்கணக்கில் தேட வேண்டியவர்கள் அந்தத் தரவுத்தளத்தை இறக்கிச் சொந்த சர்வரில் ஓட்டுவதே சரி.

இனி கோப்புகள். எஸ்ஆர்ஏ தன் சொந்த வடிவத்தில் தரவை வைத்திருக்கிறது. அதை இறக்கி, பிறகு பெரும்பாலான மென்பொருள்கள் படிக்கும் ஃபாஸ்ட்க்யூ வடிவமாக மாற்ற வேண்டும். மாற்றும்போது மூலக் கோப்பைப் போலப் பல மடங்கு தற்காலிக இடம் கேட்கும். சர்வரில் டிஸ்க் நிரம்பி நடுவில் நின்றுபோகும் வேலைகளில் பல இந்த இடத்தில்தான் நிற்கின்றன. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எஸ்ஆர்ஏ லைட் என்ற சிறிய வடிவமும் உண்டு; அதில் ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு நம்பகமாகப் படிக்கப்பட்டது என்று சொல்லும் தர மதிப்பெண் தனித்தனியாக இருக்காது, 30 அல்லது 3 என்று சுருக்கப்பட்டிருக்கும். மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்று எண்ணும் வேலைக்கு இதனால் பெரிய பாதகம் இல்லை. எழுத்து மாற்றங்களைத் தேடுகிறவர்கள் எந்த வடிவம் வந்திருக்கிறது என்று பார்க்காமல் தொடங்கக் கூடாது. வேகமாக வந்தது என்பதற்காகச் சந்தோஷப்பட்டு, கடைசியில் முடிவு ஏன் விசித்திரமாக இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

இஎன்ஏ: அதே சரக்கு, வேறு கட்டு

என்சிபிஐ, இங்கிலாந்தின் ஹிங்ஸ்டனில் இருக்கும் ஐரோப்பிய உயிரியல் தகவல் நிறுவனமான ஈபிஐ, ஜப்பானின் டிஎன்ஏ தரவு வங்கியான டிடிபிஜே ஆகிய மூன்றும் தங்களுக்குள் தரவைத் தினமும் பரிமாறிக்கொள்கின்றன. 1980-களில் தொடங்கிய ஏற்பாடு இது. அதனால் எஸ்ஆர்ஏவில் இருக்கும் பொதுத் தரவு பெரும்பாலும் ஈபிஐயின் இஎன்ஏ காப்பகத்திலும் கிடைக்கும். புதிதாக வெளியான தரவு வந்து சேர மட்டும் சில நாள் தாமதமாகலாம்.

என் கருத்தில் சில டிபிக்குள் அடங்கும் வேலைக்கு இதுதான் சிறந்த வாசல். ஃபாஸ்ட்க்யூ கோப்பு தயாராகவே கிடைக்கிறது. மாற்றும் வேலை இல்லை, தற்காலிக இடமும் வேண்டாம். ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 எண், அதாவது கோப்பு கொஞ்சம் மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண், அட்டவணையாகக் கிடைக்கிறது. இறக்கி முடித்ததும் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் சரிபார்த்துவிடலாம். தரத்தின் எல்லா அளவுகோல்களிலும் கோப்பு முழுசாக வந்திருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் வைப்பேன். சர்வர் இரண்டு நாள் தூங்கினால் இரண்டு நாள்தான் நஷ்டம். நடுவில் அறுந்த கோப்பு யாருக்கும் தெரியாமல் ஆய்வுக்குள் புகுந்துவிட்டால் எத்தனை மாதம் நஷ்டம் என்று சொல்ல முடியாது.

வேகத்தைப் பொறுத்தவரை இஎன்ஏவும் எதுவும் உறுதி சொல்வதில்லை. தொலைதூர இணைப்பில் ஒரு பாக்கெட், அதாவது ஒரு சிறு தரவுத் துண்டு, தொலைந்தால் மீண்டும் வேகம் பிடிக்க நேரமாகும். தூரம் கூடக் கூட அந்த நேரமும் கூடும். ஒரே இணைப்பில் ஒரு பெரிய கோப்பை இழுப்பதைவிட நான்கைந்து கோப்புகளைச் சேர்த்து இழுப்பது இதனால்தான் பலன் தருகிறது. ஐரோப்பாவுக்குப் போகும் நம் கடலடிக் கேபிள்களில் பல செங்கடல் வழியாகப் போகின்றன. 2024 தொடக்கத்திலும் 2025 செப்டம்பரிலும் அங்கே கேபிள்கள் அறுந்தபோது, ஈபிஐ சர்வர் நன்றாகத்தான் இருந்தது, நடுவில் இருந்த கடல்தான் பிரச்சினை. எந்தக் காப்பகத்தின் உத்தரவாதமும் கடலுக்குள் எட்டாது. கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான அரசு வலையமைப்பான நேஷனல் நாலெட்ஜ் நெட்வொர்க் என்கிற என்கேஎன் இணைப்பு உள்ள நிறுவனமாக இருந்தால், சாதாரண வணிக இணைப்பை விட்டு அதன் வழியே போக முடியுமா என்று கணினி மையத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்.

கிளவுட்: எண் உண்டு, ஆனால் யாருக்கு?

எஸ்ஆர்ஏவின் பொதுத் தரவு முழுவதும் அமேசான், கூகுள் கிளவுட்களிலும் இருக்கிறது. அமேசானில் அது திறந்த தரவுத் திட்டத்தின் கீழ் வர்ஜீனியா பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. கணக்கு இல்லாமலும், கட்டணம் இல்லாமலும் இறக்கிக்கொள்ளலாம். அதைவிட நல்ல வழி, தரவை நகர்த்தாமல் அதே பகுதியில் ஒரு கணினியை வாடகைக்கு எடுத்து வேலையை அங்கேயே முடிப்பது. 8 டிபியை மூன்று வாரம் இழுப்பதற்குப் பதில், முடிவாக வரும் சில ஜிபி அட்டவணையை மட்டும் கொண்டுவந்தால் போதும். மாதம் 100 ஜிபி வரை வெளியே எடுக்க அமேசான் காசு கேட்பதில்லை. அதைத் தாண்டினால் வர்ஜீனியாவிலிருந்து ஜிபிக்குச் சுமார் 9 சென்ட்.

கிளவுட் என்றதும் நிர்வாகத்தில் இருப்பவர்கள் விரும்பிக் கேட்பது 99.9 சதவீதம் என்ற எண். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 30 நாள் மாதத்தில் 99.9 சதவீதம் என்றால் 43 நிமிடம் வரை நின்றுபோனாலும் ஒப்பந்தத்தை மீறியதாகாது. அதற்குக் கீழே போய் 99 சதவீதம் வரை இருந்தால், அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3-க்கு அந்த மாதம் வரும் பில்லில் 10 சதவீதம் கழிவு. 99-க்குக் கீழே 25 சதவீதம். 95-க்குக் கீழே போனால் முழுத் தொகை. கழிவு என்பது கையில் வரும் காசு இல்லை, வரப்போகும் பில்லில் கழிப்பது. அதையும் நாம்தான் ஆதாரத்தோடு, காலக்கெடுவுக்குள் கேட்டு வாங்க வேண்டும்.

மும்பை பகுதியில் சொந்தமாக 5 டிபி வைத்திருக்கிறீர்கள் என்றால் மாத வாடகை சுமார் 125 டாலர். ஏழு மணி நேரம் வரை சேவை நின்று, உங்கள் ஆய்வு ஒரு முழு வேலை நாளை இழந்தால் கிடைப்பது 12.50 டாலர். 2017 பிப்ரவரி 28 அன்று வர்ஜீனியாவில் எஸ்3 ஏறக்குறைய நான்கு மணி நேரம் படுத்தது. ஊழியர் ஒருவர் ஒரு கட்டளையைத் தவறாகக் கொடுத்ததுதான் காரணம் என்று அமேசானே விளக்கம் வெளியிட்டது. இன்றைய அட்டவணைப்படி பார்த்தால் அதற்கும் 10 சதவீதம்தான் வரும். 2025 அக்டோபர் 20 அன்று அதே வர்ஜீனியா பகுதியில் மீண்டும் பெரிய தடங்கல் வந்தது.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. திறந்த தரவுக்கு நீங்கள் பில் கட்டுவதே இல்லை. பில் இல்லாத இடத்தில் எதில் கழிப்பது? ஒப்பந்தம் கணக்கு வைத்திருப்பவருக்கும் அமேசானுக்கும் இடையே உள்ளது. இலவசமாக இறக்கிக்கொண்டு போகிறவர் அந்தச் சித்திரத்திலேயே இல்லை. விளம்பரங்களில் வரும் பதினொரு ஒன்பதுகள், அதாவது 99.999999999 சதவீதம், கோப்பு தொலையாமல் இருப்பதற்கான வடிவமைப்பு இலக்கு. அதற்கு இழப்பீட்டு அட்டவணை எதுவும் கிடையாது.

இவ்வளவு சொன்னாலும் 8 டிபி மனிதத் தரவுக்கு நான் கிளவுடைத்தான் சொல்வேன். காரணம் அந்த ஒப்பந்தம் இல்லை; தரவும் கணினியும் ஒரே பகுதியில் இருப்பதால் நம் இணைப்பும் கடலும் கணக்கிலிருந்து விலகிவிடுகின்றன. ஒரு எச்சரிக்கை மட்டும். மலிவாகக் கிடைக்கும் ஸ்பாட் கணினிகளை அமேசான் எப்போது வேண்டுமானாலும் இரண்டு நிமிட அறிவிப்பில் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு மாதிரி முடிந்ததும் முடிவைச் சேமிக்கும்படி வேலையைப் பிரித்துக்கொண்டால் இது நல்ல பேரம். இருபது மணி நேரம் ஒரே மூச்சில் ஓட வேண்டிய வேலையை அதில் போடாதீர்கள். அப்புறம், செலவு வரம்பு எச்சரிக்கையை முதல் நாளே போட்டுவிடுங்கள். அரசு நிதியில் கிளவுட் பில்லை மாதாமாதம் எப்படிக் கட்டுவது என்று கணக்குப் பிரிவிடம் முன்கூட்டியே பேசிவிடுவது அதைவிட முக்கியம்.

சொந்தப் பிரதி

காப்பகம் இன்று திறந்திருக்கிறது, சரி. நாளை? 2011 பிப்ரவரியில் நிதி நெருக்கடியால் எஸ்ஆர்ஏவைப் படிப்படியாக மூடப்போவதாக என்சிபிஐ அறிவித்தது. பல மாதம் கழித்துத்தான் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகம் நிதியைத் தொடர முடிவு செய்தது. 2013 அக்டோபரில் அமெரிக்க அரசு முடங்கியபோது, தகவல்கள் புதுப்பிக்கப்படாமல் இருக்கலாம் என்ற அறிவிப்போடு என்சிபிஐ பக்கங்கள் ஓடின. மரபணுக்களையும் உயிர்வேதிப் பாதைகளையும் தொகுக்கும் கெக் தரவுத்தளம் 2011-இல் மொத்தமாக இறக்கும் வசதியைச் சந்தாவுக்கு மாற்றியது. தாவர ஆய்வாளர்கள் தினமும் பயன்படுத்திய டெயர் தளம், அரசு நிதி நின்றபின் சந்தா முறைக்குப் போனது. இவற்றில் எதிலும் சர்வர் விழவில்லை. பணம் நின்றது அல்லது வழி மாறியது.

இதனால் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல வரவில்லை. மூன்று கண்டங்களில் பிரதி இருக்கும் மூல வரிசைத் தரவை நாமும் காக்க வேண்டியதில்லை. அந்த ஏற்பாடு எந்த வணிக ஒப்பந்தத்தையும்விட உறுதியானது. ஒரே இடத்தில் மட்டும் இருப்பவையும், பதிப்பு மாறிக்கொண்டே இருப்பவையும்தான் நம் கவலை: ஒப்பிடப் பயன்படுத்திய மரபணுத்தொகுதிப் பதிப்பு, மரபணுக் குறிப்புகள், சிறிய சிறப்புத் தரவுத்தளங்கள், மாதிரிகளின் விவர அட்டவணை. கடைசியாகச் சொன்னதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எந்த மாதிரி எந்த ஊர், எந்த மருந்துக்குக் கட்டுப்படாதது என்ற விவரத்தைப் பதிவேற்றியவர் பிறகு திருத்திவிட முடியும். நீங்கள் ஆய்வு செய்த நாளில் அது எப்படி இருந்தது என்பது உங்களிடம் மட்டுமே இருக்கும்.

காசநோய் போல 300 ஜிபியில் அடங்கும் வேலைக்கு முழுத் தரவையுமே வைத்துக்கொள்ளலாம். இரண்டு டிஸ்க், ஒன்று வேறு கட்டடத்தில். கூடவே இறக்கிய தேதியும் எம்டி5 பட்டியலும். மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஸ்கிரிப்ட். ஏசி நின்றுபோன அறையில், மின்வெட்டில் சட்டென்று அணையும் சர்வருக்கு 99.9 சதவீதம் யாரும் தர முடியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். ஆனால் அது கெட்டால் நாமே எழுந்து போய்ப் பார்க்கலாம்.

அனுமதி கேட்டு எடுக்கும் தரவு

நோயாளிகளின் அடையாளம் வெளிப்படக்கூடிய தரவுக்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே தடை பைட்டில் இல்லை, கமிட்டியில் இருக்கிறது.

மனித மரபணுத் தரவையும் நோய் விவரங்களையும் வைத்திருக்கும் அமெரிக்கக் காப்பகமான டிபிகேப்பில் விண்ணப்பிக்க, நிறுவனத்தின் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ள ஒருவர் அவர்கள் அமைப்பில் பதிவாகியிருக்க வேண்டும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். 2025 ஜனவரி 25 முதல் வரும் புதிய விண்ணப்பங்களுக்கு, தரவை வைக்கும் கணினி என்ஐஎஸ்டி 800-171 என்ற பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஒற்றை சர்வர் ஆய்வகத்துக்கு இது மலை. அந்த விதிகளைப் பூர்த்தி செய்யும் கிளவுட் தளத்துக்குள் வேலை செய்வதே நடைமுறையில் கைகூடும். 2025 ஏப்ரலில் சீனா, ரஷ்யா, ஈரான் உள்ளிட்ட சில நாடுகளின் நிறுவனங்களுக்கு இத்தகைய தரவு மொத்தமாக மூடப்பட்டது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அனுமதி என்பது ஒரே அறிவிப்பில் போகக்கூடியது என்று அது காட்டிவிட்டது.

ஐரோப்பாவில் இதே போன்ற காப்பகமான ஈஜிஏவில் தரவை வைத்திருப்பது காப்பகம், கொடுக்கலாமா என்று முடிவு செய்வது அந்தந்த ஆய்வின் தனிக் கமிட்டி. இரண்டு வாரத்தில் பதில் தரும் கமிட்டியும் உண்டு, பதிலே தராத கமிட்டியும் உண்டு. விண்ணப்பம் எழுதுமுன் அந்த ஆய்வின் தொடர்பு ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள்; பதில் வரும் வேகமே பாதி விவரம் சொல்லிவிடும்.

பிரிட்டனின் யூகே பயோபேங்க் வேறு வழி. ஐந்து லட்சம் பேரின் தரவு; 2023 நவம்பரில் அவர்களுடைய முழு மரபணுத்தொகுதிகளும் சேர்ந்தன. அந்த அளவை யாரும் இறக்க முடியாது. அவர்களுடைய கிளவுட் தளத்துக்குள் போய்த்தான் வேலை செய்ய வேண்டும். விண்ணப்ப நடைமுறை தெளிவானது, கட்டணமும் வெளிப்படையானது. கணினி நேரத்துக்கான பில் தனி. விண்ணப்பக் கட்டணத்தை மட்டும் பார்த்துத் திட்டம் போட்டவர்கள் நடுவில் நிதி தீர்ந்து திண்டாடுவது இதனால்தான்.

இந்திய மக்களின் தரவுதான் வேண்டும் என்றால் ஃபரிதாபாதில் 2022 நவம்பரில் திறந்த இந்திய உயிரியல் தரவு மையம் இருக்கிறது. 4 பெட்டாபைட் கொள்ளளவு, புவனேஸ்வரில் பேரிடர் காலத்துக்கான மாற்று மையம். ஜீனோம் இந்தியா திட்டத்தின் பத்தாயிரம் மரபணுத்தொகுதிகளுக்கு அங்கே விண்ணப்பிக்கும் வழி 2025 ஜனவரியில் திறந்தது. தூரமும் கடலும் இங்கே குறுக்கே வராது. முழுத் தரவு வேண்டுமா, டிஎன்ஏ எழுத்து மாற்றங்களின் பட்டியல் மட்டும் போதுமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் அளவில் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால், பல கேள்விகளுக்குப் பட்டியலே போதும். அப்படியானால் 100 எம்பிபிஎஸ் கல்லூரி இணைப்பே தாராளம்.

அனுமதித் தரவு எதுவாக இருந்தாலும் ஒரே யோசனை: மாணவர் சேரும் முன்பே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். காத்திருக்கும் மாதங்களில் இஎன்ஏவிலிருந்து அதே வகைத் திறந்த தரவு கொஞ்சம் இறக்கி, நிரல்கள் எல்லாவற்றையும் அதில் ஓட்டிப் பழகிக்கொள்ளலாம்.